சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?

மூன்று வயதுக் குழந்தைக்கு முழு அலமாரியையும் திறந்துவிட்டு, "எது வேணும்?" என்று கேட்டால் அன்றைக்கு வெளியே கிளம்பின மாதிரிதான். என் மகளிடம் இரண்டு சட்டைகளை மட்டும் நீட்டுவேன். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொள்வாள். நான் திருத்துவதில்லை. (பார்க்கிறவர்கள் திருத்துவார்கள், அது வேறு கதை.)

"பல் தேய்க்கலாமா?" என்று மட்டும் கேட்க மாட்டேன். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்? தேய்ப்பது நிச்சயம், பற்பசையை யார் வைப்பது, முதலில் பல்லா முகமா என்பதெல்லாம் அவள் முடிவு. மருந்து, சாலையைக் கடப்பது, கார் பெல்ட் போன்றவற்றில் பேச்சுக்கே இடமில்லை.

ஏறக்குறைய ஒன்றரை முதல் மூன்று வயது வரை 'நானே செய்வேன்' என்ற பருவம், அதற்கு அடுத்தது தானாக எதையாவது தொடங்கிப் பார்க்கும் பருவம் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் பிரித்துச் சொன்னார். வீட்டில் அதற்கு வசதி வேண்டுமே! 1907இல் ரோமில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' என்ற பள்ளியில் மேசை நாற்காலிகூடக் குழந்தைகளின் அளவுக்கு இருந்தன. அந்த யோசனையைத்தான் நான் சுட்டேன். கைகழுவும் தொட்டியருகே ஒரு முக்காலி, அவள் தோள் உயரத்தில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். சொல்லாமலே பையை மாட்டத் தொடங்கிவிட்டாள். அப்புறம் என் பையையும் அங்கேயே மாட்டுகிறாள், நான்தான் தேடுகிறேன்.

நேரம் பிடிக்கும் என்பது உண்மை. அவசரமான காலைகளில் எதையும் கேட்பதில்லை. நானே மாட்டிவிட்டுக் கிளப்பிவிடுவேன்.