ஒரு வருட நர்ஸிங் படிப்பும் அதற்கு முந்தைய ஒன்றரை வருடமும்

டல்லாஸ் பக்கத்தில் இருக்கும் நம்மூர்ப் பெண்களின் வாட்ஸப் குழுவில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. “பி.இ. முடிச்சிருக்கேன், ஐடி வேலை அலுத்துப் போச்சு, ஒரே வருஷத்துல நர்ஸ் ஆகிடலாமாமே, எப்படி சீட் வாங்குறது?” ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பதில் டைப் செய்து கட்டைவிரல்தான் வலிக்கிறது. எனக்கு இடம் கிடைத்து, ஆகஸ்டில் வகுப்பு தொடங்கப் போகிறது, அதற்குள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இனி யார் கேட்டாலும் லிங்க்தான்.

முதலில் அந்த ‘ஒரே வருஷம்’. ஏற்கெனவே எந்தப் பாடத்திலாவது ஒரு இளநிலைப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடத்தும் துரித பி.எஸ்.என். (நர்ஸிங் இளநிலைப் பட்டம்) படிப்பு இது, சுருக்கமாக ஏபிஎஸ்என். 1971இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் ஆரம்பித்து வைத்தது. பொதுவாக 11 முதல் 18 மாதங்கள். நர்ஸிங் பாடத்தில் எதையும் குறைத்துவிடுவதில்லை. நான்கு வருடம் படிப்பவர்கள் எழுதும் அதே என்க்ளெக்ஸ் தேர்வைத்தான் நாமும் எழுதி உரிமம் வாங்க வேண்டும். ஆங்கிலம், வரலாறு மாதிரியான பொதுப் பாடங்களை நம் பழைய பட்டத்தைக் காட்டித் தள்ளுபடி வாங்கிக்கொள்கிறோம், மீதியை விடுமுறையே இல்லாமல் நெருக்கி முடிக்கிறோம், அவ்வளவுதான். பழைய பட்டத்துக்கு அங்கே கிடைக்கும் மரியாதையும் அவ்வளவுதான்.

சீட் எங்கே முடிவாகிறது என்றால், என்னைக் கேட்டால், விண்ணப்பத்தில் இல்லை, அதற்கு முன்னால் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) உட்கார்ந்து எடுக்கும் ப்ரீரெக், அதாவது சேர்க்கைக்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடங்களில். அனாடமி அண்ட் ஃபிசியாலஜி (உடலமைப்பும் இயக்கமும், சுருக்கமாக ஏ அண்ட் பி) ஒன்று, இரண்டு, மைக்ரோபயாலஜி, இந்த மூன்றும் லேபோடு கட்டாயம். கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ், குழந்தை முதல் முதுமை வரையிலான மனித வளர்ச்சியைச் சொல்லும் சைக்காலஜி, பெரும்பாலும் நியூட்ரிஷன், சில இடங்களில் கெமிஸ்ட்ரி. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்று சங்கிலி போட்டிருப்பார்கள், அதனால் குழந்தையையும் வேலையையும் வைத்துக்கொண்டு இதை முடிக்க மூன்று நான்கு செமஸ்டர் ஆகிவிடும். ‘ஒரு வருட’ படிப்பு என்று யாராவது சொன்னால் இதையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், பல கல்லூரிகள் அறிவியல் பாடங்களுக்குக் காலாவதி வைத்திருக்கின்றன, சில இடங்களில் ஐந்து வருடம், சில இடங்களில் ஏழு அல்லது பத்து. பயோடெக் படித்த தோழி ஒருத்தி, தான் ஊரில் படித்த மைக்ரோபயாலஜி போதும் என்றுதான் நினைத்திருந்தாள். 2009இல் எழுதிய பேப்பர், ஒரு இடத்திலும் செல்லவில்லை.

ஊர்ப் பட்டத்தை இங்கே காட்ட மதிப்பீடு வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கக் கணக்கில் மதிப்பிட்டுத் தரும் டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்புகளிடம் ‘கோர்ஸ் பை கோர்ஸ்’ வகை அறிக்கையாகவே கேளுங்கள், பட்டத்தை மட்டும் சரிபார்க்கும் மலிவான அறிக்கை இதற்குப் பயன்படாது. இதற்கு யுனிவர்சிட்டியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும், யுனிவர்சிட்டி என்றால் தெரியுமே, யாராவது நேரில் போய் நின்றால்தான் ஃபைல் நகரும். எனக்காகத் தம்பி போய் நின்றான். அரியர் வைத்திருந்தவர்கள் பயப்படுகிறார்கள். மொத்த ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) கொஞ்சம் அடி வாங்கும், உண்மைதான், ஆனால் நிறையக் கல்லூரிகள் ப்ரீரெக் ஜிபிஏவைத் தனியாகக் கணக்கிடுகின்றன, அங்கே நாம் எல்லாரும் புதுக் கணக்கில் தொடங்குகிறோம். ஈசிஇக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: நாலாவது செமஸ்டரில் உயிரை எடுத்த ப்ராபபிலிட்டி அண்ட் ராண்டம் ப்ராஸஸஸ் பேப்பரை ஒரு கல்லூரி ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குச் சமமாக ஏற்றுக்கொண்டது, இன்னொன்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியது. அதனால் அந்தந்தக் கல்லூரிக்கு மெயில் போட்டு, பாடத்திட்டத்தை இணைத்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லும் ‘ஷ்யூர்’ எதற்கும் உதவாது.

ஏ அண்ட் பி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைத்தான் சாதாரணமாக நினைக்கிறார்கள். தியரியை மனப்பாடம் செய்து தள்ளிவிடலாம், நமக்கு அது கைவந்த கலை. லேப் ப்ராக்டிகல் வேறு. அறையைச் சுற்றி மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எலும்போ தசை மாடலோ, அதில் ஒரு கலர் குண்டூசியோ ஸ்டிக்கரோ. ஒரு நிமிடம்தான், மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும், திரும்பி வந்து பார்க்க முடியாது. மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் வௌவால் மாதிரி சிறகு விரித்திருக்கும் ஸ்பீனாய்ட் எலும்பில் மட்டும் எத்தனை ஓட்டைகள்! குண்டூசி நிற்பது ரோட்டண்டமா ஓவேலா என்று குனிந்து பார்ப்பதற்குள் முப்பது விநாடி போய்விடும். தொடை எலும்பை அடையாளம் சொன்னால் மட்டும் போதாது, அது இடது காலுடையதா வலது காலுடையதா என்றும் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் அரை மார்க் போச்சு. ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட் என்ற பெயரை நான் சாம்பாருக்குத் தாளிக்கும்போதெல்லாம் எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், என் மகன் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துத் திருப்பிச் சொல்வான். இந்த ஒரு பாடத்தில் ‘பி’ வாங்குபவருக்கும் ‘ஏ’ வாங்குபவருக்கும் நடுவில்தான் பல கல்லூரிகளின் கட்-ஆஃப் விழுகிறது. வேலையை விடாமல் ஒரே செமஸ்டரில் ஏ அண்ட் பி, மைக்ரோ இரண்டையும் எடுக்காதீர்கள். ஆன்லைன் லேபை ஏற்காத கல்லூரிகளும் இருக்கின்றன, முதலில் கேட்டுவிடுங்கள்.

நுழைவுத் தேர்வு கேட்கும் இடங்களில் டீஸ் அல்லது ஹெஸி இருக்கும். டீஸில் 170 கேள்விகள், 209 நிமிடம். கணக்கு 38 கேள்விக்கு 57 நிமிடம் தருகிறார்கள், சதவீதம், விகிதம், அலகு மாற்றம்தான், நாம் பத்தாம் வகுப்பில் போட்டது. ஆங்கிலப் பகுதிதான் வேகம், 37 கேள்விக்கு 37 நிமிடம். அறிவியலில் பெரும்பங்கு மனித உடல், ஆகவே ஏ அண்ட் பி இரண்டாம் பாகம் முடித்த கையோடு எழுதிவிடுவது புத்திசாலித்தனம். பொறியாளர்கள் கணக்கில் அள்ளிவிட்டு ஆங்கில வாசிப்பில் கோட்டை விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விண்ணப்பம் பல இடங்களுக்கு நர்ஸிங்காஸ் என்ற பொதுத் தளம் வழியாகப் போகிறது, சில கல்லூரிகள் சொந்தத் தளம் வைத்திருக்கின்றன. டிரான்ஸ்கிரிப்டை அவர்கள் சரிபார்க்கவே வாரக்கணக்கில் ஆகும், கடைசித் தேதியன்று அனுப்பினால் அது கடைசித் தேதிக்குள் அனுப்பியதாக எல்லா இடத்திலும் கணக்கில்லை. கட்டுரை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமை: பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார், அன்றே முடிவு செய்தேன் என்ற கதையை விட்டுவிடுங்கள். படிக்கிறவர்கள் அன்று காலையில் மட்டும் அப்படிப் பத்துப் பாட்டிகளைப் பார்த்திருப்பார்கள். நர்ஸ் ஒரு ஷிஃப்டில் உண்மையில் என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும் என்பதைக் காட்டுங்கள். அதைத் தெரிந்துகொள்ள நேர்வழி சிஎன்ஏ (நர்ஸ் உதவியாளர்) பயிற்சி. டெக்ஸாஸில் 100 மணி நேரம், முடித்தால் முதியோர் இல்லத்தில் வேலை செய்யலாம். படுக்கையில் இருப்பவரைப் புரட்டி, துடைத்து, டயபர் மாற்றி, ‘எதுக்கு இன்னும் காபி வரல’ என்று திட்டு வாங்கிப் பார்த்த பிறகும் இந்த வேலை வேண்டும் என்று தோன்றினால் நேர்காணலில் பேச விஷயத்துக்குப் பஞ்சமே இருக்காது. நான் அந்தப் பயிற்சிக்குப் போனபோது கோவையிலிருந்து மாமியார் போனில் கேட்டார், “ஏங்கண்ணு, இஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு இதுக்கா போற?” இப்போது சொந்தக்காரர்களிடம் அவரே ‘மருமக மெடிக்கல் லைனு’ என்கிறார். சரி, அதுவும் உண்மைதானே.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மாநில நர்ஸிங் போர்டின் அங்கீகாரம், கூடவே சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் என்ற தேசிய அமைப்புகளின் அங்கீகாரம், இந்த இரண்டும் இல்லாமல் ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். 2023 ஜனவரியில் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ செய்தி வந்ததே, ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்ட வழக்கு. பணம் கொடுத்து வாங்கியவர்களில் என்க்ளெக்ஸ் எழுதித் தேறி வேலைக்கே போனவர்களும் உண்டு. அடுத்தது, முதல் முறையிலேயே என்க்ளெக்ஸ் தேறியவர்களின் சதவீதம். டெக்ஸாஸ் போர்டு இதை ஆண்டுதோறும் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது, 80க்குக் கீழே போனால் கல்லூரிக்கே கேள்வி வரும். மூன்றாவதாக, கிளினிக்கல், அதாவது நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி, எந்த ஆஸ்பத்திரியில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், இடம் பிடித்துத் தருவது யார் பொறுப்பு? நான் விசாரித்த பாதி ஆன்லைன், பாதி நேரில் நடத்தும் ஒரு கலப்பு முறைக் கல்லூரியிலிருந்து ‘அட்மிஷன் அட்வைசர்’ விடாமல் போன் செய்தார், குழந்தையின் பெயர்வரை நினைவு வைத்திருந்தார், கிளினிக்கல் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை நேராகப் பதில் சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

எச்4 விசாவில் (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரும் விசா) இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எச்4இல் படிக்கலாம், தடையில்லை. வேலைக்கு இஏடி என்ற வேலை அனுமதி வேண்டும், அது கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவரது நிறுவனம் போடும் மனு, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) வேலைக்கு எச்1பி பொதுவாகக் கிடைப்பதில்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது சில மாநில போர்டுகளில் சிக்கல் வருகிறது. நர்ஸ்களுக்கு ஷெட்யூல் ஏ என்ற தனிப் பிரிவு வழியாக கிரீன் கார்டு விண்ணப்பம் இருக்கிறது, ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அங்கேயும் அதே நீண்ட வரிசை. படித்து முடித்து, தேர்வும் தேறி, சான்றிதழை பிரேம் போட்டு மாட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது வீண் செலவில்லை.

பணம் என்றதும் இன்னொன்று. ஏற்கெனவே பட்டம் இருப்பதால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடையாது. கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருந்தால் மத்திய அரசின் கல்விக் கடன் உண்டு, அது இளநிலை மாணவர் கணக்கில், வருடத்துக்கு 12,500 டாலர்தான் உச்சம். தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? படிக்கும் காலத்தில் வேலை பார்க்காதீர்கள் என்று எல்லாக் கல்லூரியும் சொல்லும், அதை நம்புங்கள். கிளினிக்கல் என்றால் பன்னிரண்டு மணி நேரம், விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், திரும்பி வந்ததும் மறுநாள் பரீட்சை.

‘நாட்டில் நர்ஸ் பற்றாக்குறையாமே, பிறகு ஏன் சீட் தர மாட்டேன் என்கிறார்கள்?’ என்று என் கணவர் கேட்டார். நல்ல கேள்விதான். 2021இல் மட்டும் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களை அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகள் திருப்பி அனுப்பின என்பது கல்லூரிகளின் கூட்டமைப்பு தந்த கணக்கு. அது விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஒரே ஆள் ஐந்து இடத்தில் போட்டிருப்பார். ஆனாலும் காரணம் நிஜம்: பாடம் நடத்த ஆசிரியர் இல்லை, பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் இடமில்லை. ஆசிரியராக வருவதைவிட வார்டில் நின்றால் சம்பளம் அதிகம், யார் வருவார்கள்? எனவே வெயிட்லிஸ்ட் என்று மெயில் வந்தால் அழுது தீர்க்க வேண்டியதில்லை. நடந்துகொண்டிருந்த செமஸ்டரின் புது மார்க்கை அனுப்பி, இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று நாலு வரி எழுதினேன், எனக்கு இடம் வந்தது அப்படித்தான்.

இத்தனையும் படித்துவிட்டுத் தலை சுற்றினால், கம்யூனிட்டி காலேஜிலேயே இரண்டு வருட ஏடிஎன் என்று ஒரு நர்ஸிங் படிப்பு இருக்கிறது. செலவு மிகக் குறைவு, முடித்தவர்களும் அதே என்க்ளெக்ஸ் எழுதி அதே ஆர்.என். ஆகிறார்கள், பி.எஸ்.என்.னை வேலையில் சேர்ந்தபின் ஆன்லைனில் முடிக்கலாம், பல ஆஸ்பத்திரிகள் கட்டணத்தில் பங்கும் தருகின்றன. பெரிய ஆஸ்பத்திரிகள் சில பி.எஸ்.என். கேட்கும், அது ஒன்றுதான் குறை. சின்னக் குழந்தைகள் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இடம் கிடைத்தபிறகு ஒரு பட்டியல் வரும்: கைரேகை, போதைமருந்துச் சோதனை, பிஎல்எஸ் (உயிர்காக்கும் முதலுதவி) சான்றிதழ், தடுப்பூசிகள். இதில் காசநோய்ச் சோதனையில் நம்மவர்கள் ஒருமுறையாவது மாட்டுவார்கள். நம் தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறதல்லவா, அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய சோதனையில் கை வீங்கி ‘பாசிட்டிவ்’ என்று வர வாய்ப்பு உண்டு, அப்புறம் எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். நேராக குவான்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று முதலிலேயே கேளுங்கள், பிசிஜி அதைக் குழப்பாது. ஹெபடைடிஸ் பி வழக்கமான மூன்று டோஸ் முடிய ஆறு மாதம் ஆகும், சேர்க்கைக் கடிதம் வந்தபின் ஆரம்பித்தால் நேரம் போதாது. ப்ரீரெக் படிக்கும்போதே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், மற்ற கேள்விகளை கமென்டில் கேளுங்கள், ஆகஸ்ட் வரைக்கும் பதில் சொல்வேன்.