முத்துவுக்கு மண் தேடிய ஐந்து மாதங்கள்

இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. தரையை யாரோ கரண்டியால் சுரண்டுவது போல இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உடலை நுழைத்துக்கொண்டு, முத்து பின்னங்கால்களால் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். வலது கால், பிறகு இடது கால், மறுபடி வலது கால். பீங்கான் ஓடு பதித்த தரையை எந்த ஆமையால் தோண்ட முடியும்? ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. நகத்தின் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

ஒரு வாரமாகவே அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டியின் கண்ணாடியில் முட்டி முட்டி ஏறப் பார்த்ததால்தான் இரவில் சமையலறையில் உலவ விட்டிருந்தேன். மறுநாள் மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் ஒன்பது முட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஆண் துணை இல்லாமலே பெண் ஆமைக்கு முட்டை வரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். தோண்டுவதற்கு மண் கிடைக்காவிட்டால் அது முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும்; அப்படித் தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கால்சியமும் ஊசியும் போட்டு முட்டைகளை வெளியே எடுத்தார்கள். புறப்படும்போது மருத்துவர் சொன்னார்: "இது வருடா வருடம் வரும். இவளுக்கு ஒரு மண் தரை வேண்டும்."

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் ஈசூனில், பதினோராவது மாடியில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மண்ணுக்கு எங்கே போவது?

முத்து ஒரு செங்காது ஆமை. பதினோரு வருடங்களுக்கு முன் மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கினோம். அப்போது ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, பச்சை நிறக் குஞ்சு. தொட்டி சிறியதாக இருந்தால் ஆமையும் சிறியதாகவே இருந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். அது பொய். சின்னத் தொட்டியில் ஆமை குட்டையாக நிற்பதில்லை. ஓடு கோணலாகி, எலும்பு வலுவிழந்து, நோயோடு வளரும். தொட்டியை மூன்று முறை மாற்றினோம். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலால் அதன் ஓட்டுக்குப் பயனில்லை, கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டு விளக்கு வாங்கினேன். இன்று அவள் ஓட்டின் நீளம் 24 சென்டிமீட்டர், எடை 2 கிலோ 100 கிராம். இந்த இனம் முப்பது வருடங்களுக்கு மேலும் வாழக்கூடியது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று முதல் நாள் முகம் சுளித்த என் மாமியார், பின்னாளில் தினமும் காலையில் அவளுக்குக் கங்கோங் கீரையை நறுக்கிப் போடுபவர் ஆனார். அவளை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது முதலில் அழுததும் அவர்தான்.

ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடமில்லை. செங்காது ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பிப் படுகை. வந்தேறி உயிரினங்களில் உலகிலேயே மிக மோசமான நூறின் பட்டியலில் இது இருக்கிறது. பூமலைத் தாவரவியல் தோட்டத்து ஏரிக் கரையில் வெயில் காயும் ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல ஒரு காலத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பரிசாக இருந்தவை. அவை இந்த ஊர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. தொட்டியிலேயே வளர்ந்து, இரை தேடத் தெரியாதவை பட்டினியில் சாகின்றன. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டமே இல்லாவிட்டாலும் என்னால் அதைச் செய்திருக்க முடியாது.

ஆகவே மண் தரை உள்ள ஒரு வீட்டைத் தேடி, ஒரு தாளில் அவளைப் பற்றி எழுதினேன். மகள் படம் எடுத்தாள். வயது, எடை, ஓட்டின் நீளம், என்ன சாப்பிடுவாள், எதைத் தொடமாட்டாள், முட்டை விஷயம், எக்ஸ்ரே, எல்லாவற்றையும் எழுதினேன். மணிக்கணக்கில் கண்ணாடியில் முட்டுவாள் என்பதையும், கை கொடுத்தால் கடிப்பாள் என்பதையும் மறைக்கவில்லை. குறையை மறைத்துக் கொடுத்த பிராணி ஆறே மாதத்தில் மறுபடி தெருவுக்கு வரும். கடைசி வரியாக, வீட்டை வந்து பார்த்த பிறகுதான் தருவேன் என்று எழுதினேன். அந்த ஒரு வரியாலேயே பாதிப் பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மீதிப் பேரில் மூவரை மறக்க முடியாது. முதலில் அழைத்தவர் ஓர் இளந்தாய். நாலு வயதுப் பையனுக்கு ஆமை வேண்டுமாம், அவனே பார்த்துக்கொள்வானாம். ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டபின் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த வயதுப் பிள்ளை விரலை வாயில் வைப்பான் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கோபப்படாமல் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாமவர் பௌத்தர்களின் விசாக தினத்துக்கு இரண்டு வாரம் முன் வந்தார். வயதானவர். மனைவியின் நினைவாக ஒரு ஆமையை நீரில் விட்டால் புண்ணியம் என்று நம்பினார். அவருடைய துக்கம் உண்மையானது. அதைப் பார்த்தபின் கடிந்து பேச எனக்கு வாய் வரவில்லை. விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகத்தினர் ஒவ்வோர் ஆண்டும் விலங்குகளை விடாதீர்கள் என்று ஏன் வேண்டிக்கொள்கிறார்கள் என்று உட்காரவைத்து விளக்கினேன். முத்துவையும் காட்டினேன். அவளுக்குத் தெரிந்த தண்ணீர் இந்தத் தொட்டிதான், நீர்த்தேக்கத்தில் ஒரு வாரம் தாங்குவாளா என்று கேட்டேன். அவர் ஒரு கங்கோங் தண்டைத் தன் கையால் அவளுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாமவர் தமிழர். "அக்கா, மாற்றிக்கொள்ளலாமா? என்னிடம் நட்சத்திர ஆமை இருக்கிறது" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நம் ஊர்க் காட்டு ஆமை அது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது. 2019 முதல் அனைத்துலக வணிகமும் முழுமையாகத் தடை. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட ஊர்வன இரண்டே இரண்டு: செங்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும். இதையெல்லாம் சொல்லி, அதை அக்ரெஸ் என்ற விலங்கு மீட்புக் குழுவிடமோ அதிகாரிகளிடமோ ஒப்படையுங்கள் என்று கெஞ்சினேன். 2018 நவம்பரில் இங்கிருந்து 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பிப் போனதையும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். இன்னும் அந்த ஆமையை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் கடைசியில்தான் சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீடு வைத்திருக்கும் ஒரு தம்பதி எழுதினார்கள். அவர்களே என்னைக் கேள்வி கேட்டார்கள்! கடைசியாக எப்போது குடற்புழு பார்த்தீர்கள், எந்தத் தீனி, மற்ற ஆமைகளோடு இருந்து பழக்கமா? அப்போதே எனக்குப் பாதி நிம்மதி. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். சிமெண்டுக் குளம், நடுவே ஏறி வெயில் காய ஒரு பாறை, சுற்றிலும் ஆமை ஏற முடியாத சுவர். குளத்தின் ஒரு பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு மணல் கலந்த மண். மூன்று ஆமைகள், மூன்றும் பெண். ஆண் இருந்தால் ஓயாமல் துரத்தும், அதனால் வைத்துக்கொள்வதில்லை என்றார் வீட்டுக்காரர். மாமியார் குனிந்து அந்த மண்ணை ஒரு பிடி எடுத்துக் கையில் உதிர்த்துப் பார்த்தார். "போதும்மா, கொடுத்துவிடலாம்" என்றார்.

ஒத்துவராவிட்டால் யாருக்கும் கைமாற்றாமல் எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டோம். முதல் இரண்டு மாதம் தனித் தொட்டி, அதன் பிறகுதான் குளம் என்பதும் அதில் இருந்தது. கொண்டுபோகும் நாளுக்கு முந்தின நாள் தீனி போடவில்லை. தண்ணீரில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது; வண்டி ஆட்டத்தில் ஆமை புரண்டு அடிபடும். காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டி, அடியில் ஈரத் துண்டு, டாக்சி, அவ்வளவுதான். மகள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

முத்து புது இடத்தில் ஒன்பது நாள் சாப்பிடவில்லை. தினமும் படம் அனுப்பினார்கள். பத்தாம் நாள் ஒரு கங்கோங் இலையின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு கடி. அந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இனி ஆமையே வேண்டாம் என்றுதான் இருந்தோம். காலித் தொட்டியைப் பிளீச் கரைசலில் கழுவி, பலமுறை அலசி, நாள் கணக்கில் வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தேன். நவம்பரில் அந்தத் தம்பதியே அழைத்தார்கள். தோ பாயோவில் தனியாக இருக்கும் 78 வயதுப் பெரியவர், தாதிமை இல்லத்துக்குப் போகிறார். அவரிடம் ஒரு பெட்டி ஆமை. எங்கள் குளம் அதற்கு ஆழம், பெரிய ஆமைகள் கடித்தும்விடும், உங்களால் முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்று சொல்லவில்லை. வீட்டில் நான்கு நாள் பேசினோம். மகளுக்குப் பதினெட்டு, எனக்கு ஐம்பது. இந்த ஆமை இன்னும் பல வருடங்கள் வாழலாம். எனக்கு முடியாமல் போனால் யார்? மகள் தானாகவே தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். பிறகுதான் பெரியவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஆ கூ'. அங் கூ குவே என்ற சீனப் பலகாரத்தில் வருகிற அதே கூ, ஆமை என்றுதான் பொருள். இருபத்திரண்டு வருடமாகச் சமையலறை மூலையில் ஒரு துணி துவைக்கும் தொட்டியில் இருந்திருக்கிறான். நான் தூக்கியதும் காற்றை வெளியேற்றிப் புஸ் என்று சீறி, அடி ஓட்டின் கீலை மடக்கி, தலை, கால், வால் எதுவும் தெரியாமல் மூடிக்கொண்டான். கையில் ஒரு கல்லைப் பிடித்திருப்பது போல இருந்தது. பெரியவர் வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் இருக்கும். முன்பக்கம் ஒரு நூல் அளவு திறந்தது. உள்ளே கறுப்பு முகத்தில் மஞ்சள் கோடுகள், பிறகு ஒரு கண்.

நான் முத்துவுக்காக மற்றவர்களைக் கேட்ட அத்தனை கேள்விகளையும் இப்போது அவரிடம் கேட்டேன். பப்பாளி பிடிக்கும், மண்புழு பிடிக்கும், மீன் தீனி பிடிக்காது என்றார். வேறு என்ன பிடிக்கும் என்றேன். "மழை" என்றார். மழை நாளில் ஜன்னலோரம் வைத்தால் தொட்டிக்குள் வட்டமடிப்பானாம்.

பெட்டி ஆமைகள் இந்த வட்டாரத்துக் காடுகளிலும் சதுப்புகளிலும் இருப்பவை. உணவுக்கும் மருந்துக்கும் பிடிக்கப்பட்டே அழியும் அபாயத்துக்கு வந்துவிட்டன. கடையில் ஒன்றை வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். ஏற்கெனவே வீட்டில் இருப்பதற்கு இன்னொரு வீடு கொடுப்பது வேறு விஷயம். மருத்துவரிடம் காட்டியபோது அலகு வளைந்து நீண்டிருந்தது, மலத்தில் புழு இருந்தது. அலகைச் சீவி, மருந்து கொடுத்தார்கள். பெரியவர் அலட்சியம் செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முழங்கால் வலியோடு இரண்டு நாளைக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை மாற்றியவர் அவர்.

செங்காது ஆமையின் தொட்டி இவனுக்குச் சரிவரவில்லை. இவன் நீச்சலில் அவ்வளவு வல்லவன் அல்ல. பாதித் தரை, பாதி ஓர் உள்ளங்கை ஆழத் தண்ணீர், ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டியின் பாதி, மேலே புறஊதா விளக்கு என்று புதிதாக அமைத்தோம். பதினொரு நாள் அந்த உடைந்த தொட்டிக்குள்ளேயே கிடந்தான். பப்பாளி காய்ந்து போனது, மண்புழு நழுவிப் போனது. பன்னிரண்டாம் நாள் மாலை வானம் இருட்டி மழை கொட்டியது. மகள் ஜன்னலைத் திறந்துவிட்டு, பூவாளியில் தண்ணீர் எடுத்து அவன் ஓட்டின் மேல் மெல்ல ஊற்றினாள். கழுத்து நீண்டது. எழுந்து நடந்தான். தண்ணீரில் இறங்கி வட்டமடித்து, மாமியார் நீட்டிய பப்பாளித் துண்டைக் கவ்விக்கொண்டான்.

அதைப் படமெடுத்துப் பெரியவருக்கு அனுப்பினோம். இப்போது ஞாயிறுதோறும் காணொளியில் அழைக்கிறோம். இந்த வார எடை என்ன என்று கேட்டு, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொள்கிறார்.

போன வாரம் சிராங்கூன் கார்டன்ஸிலிருந்தும் ஒரு படம் வந்தது. குளத்தோர மண்ணில் சாடி வடிவில் ஒரு குழி, உள்ளே ஏழு வெள்ளை முட்டைகள். பக்கத்தில் பின்னங்கால் முழுக்க மண் அப்பிக்கொண்டு முத்து. ஆண் துணை இல்லாததால் அவை பொரிக்கப்போவதில்லை, எடுத்து அப்புறப்படுத்திவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, அந்த நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதிலும் ரத்தம் இல்லை.