கொட்டையின் ஓட்டைத் துப்பும் பன்றி

கடக், முடக் என்று ஒரு சத்தம். திரும்பினால், மரத்தடியில் கறுப்புப் பன்றி ஒன்று ஓக் கொட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஸ்பெயினின் எஸ்த்ரெமதுரா. நவம்பர் குளிர். வேலிக்கு இந்தப் பக்கம் அரை மணி நேரம் அசையாமல் நின்றேன்.

அது அப்படியே விழுங்கவில்லை. கடித்து, பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓட்டை வாயோரமாகத் துப்பியது.

ஒவ்வொரு கொட்டைக்கும் அதே பொறுமை!

அக்டோபர் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க இதற்குக் கொட்டையும் புல்லும்தான் சாப்பாடு. 'பெயோத்தா' (ஸ்பானிஷில் ஓக் கொட்டை) என்ற பெயரில் தொடைக்கறி விற்க, குறைந்தது 60 நாள் இப்படி மேய்ந்து 46 கிலோ ஏற வேண்டும். மரம் அடர்ந்த இடத்தில்கூட ஹெக்டேருக்கு ஒன்றேகால் பன்றிக்கு மேல் கூடாது. 2014-இல் வந்த விதி. நல்ல விதி.

கொட்டையிலுள்ள ஒலியிக் அமிலம் கறியின் கொழுப்பில் போய்ச் சேர்கிறது. ஆலிவ் எண்ணெயில் நிறைந்திருப்பதும் அதேதான். அதனால் மெல்லிசாகச் சீவிய ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய தொடைக்கறி, விரல் சூட்டிலேயே இளகிப் பளபளக்கிறது. சரி, அதற்கு முன்னால் உப்பில் கிடந்து, காற்றில் தொங்கி, எத்தனை காலம்! 7 கிலோவும் அதற்கு மேலும் உள்ள தொடை என்றால் குறைந்தது 730 நாள்.

எனக்கு இப்போது கவலையெல்லாம் மரங்களைப் பற்றித்தான். வேரைத் தின்னும் ஒரு நோய் இந்த ஓக் காடுகளை அங்கங்கே காயவைக்கிறது. 'லா செக்கா' என்கிறார்கள்.

வேலியோரம் அப்படி ஒரு மரம், இலையே இல்லாமல் நின்றது. பன்றி அதனடியில் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.