பழைய டீசல் வண்டிக்கு ரேடியேட்டர் பிளாஸ்டிக் டேங்க் மாற்றிய அனுபவம்

எங்கள் வண்டி 2005 மாடல் டீசல். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விடுகிற இந்தக் கோளாறு அதற்கு மட்டும் சொந்தமில்லை. நடுவில் குழாய்களும் மெல்லிய ஃபின் தகடுகளுமான அலுமினியக் கோர், மேலேயும் கீழேயும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் என்று வருகிற ரேடியேட்டர் எந்த வண்டியில் இருந்தாலும் வயசானால் இது வரும். அந்த பிளாஸ்டிக், கண்ணாடி இழை கலந்த நைலான். புதுசில் கல் மாதிரி இருக்கும். வருஷக்கணக்காகச் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, உள்ளே ஓடி இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் திரவத்தின் சூட்டிலும் ஊறி, கடைசியில் நகத்தால் தட்டினாலே சத்தம் வேறு மாதிரி கேட்கும் அளவுக்கு மொறுமொறுப்பாகிவிடும். விரிசல் பெரும்பாலும் மேல் ஓஸ் மாட்டுகிற கழுத்தின் அடியில் விடும், இல்லையென்றால் டேங்கும் அலுமினியமும் சேர்கிற விளிம்பில்.

எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ரிசர்வ் பாட்டில். கூலன்ட் இறங்கிக்கொண்டே வந்தது, ஆனால் நிறுத்துகிற இடத்தில் தரையில் ஒரு சொட்டு இல்லை. காரணம், விரிசல் மயிரிழை அளவுதான். இன்ஜின் சூடாகி உள்ளே பிரஷர் ஏறினால்தான் கசியும், கசிந்ததும் சூட்டிலேயே ஆவியாகிவிடும். பேனட்டைத் திறந்தால் தித்திப்பான ஒரு வாடை, கழுத்தைச் சுற்றி வெளுத்த பச்சைப் பொருக்கு. இந்த இரண்டும் இருந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம்.

தை அறுவடை நேரம். குடவாசலிலிருந்து கும்பகோணம் வரும் வழியில், நாச்சியார்கோவில் தாண்டியதும் டெம்பரேச்சர் மீட்டர் ஊசி பாதியைத் தாண்டி ஏறியது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தி, பேனட்டை மட்டும் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. அந்த மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ பார் கணக்கில் ஒரு எண் இருக்கும், உள்ளே அவ்வளவு பிரஷரைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அந்தப் பிரஷரில் வெறும் தண்ணீரே 120 டிகிரியை நெருங்கினால்தான் கொதிக்கும். மூடியைத் திருகியதும் பிரஷர் விட்டுப்போய், மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். இன்னொன்று, ஊசியையே நம்பியும் இருக்க முடியாது. கூலன்ட் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், ஊசி இறங்கினாலும் இறங்கும், அதைப் பார்த்து ஆறிவிட்டது என்று ஓட்டினால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

டீக்கடையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதிகம் வந்தது, பிசைந்து அப்பும் எபாக்ஸியைத் தடவிவிடு என்பது. வீடு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நைலானில் எந்தப் பசையும் நன்றாகப் பிடிக்காது, அதோடு இத்துப்போன பிளாஸ்டிக்கில் ஒரு விரிசலை அடைத்தால் அடுத்தது பக்கத்திலேயே விடும்.

கும்பகோணத்தில் பழைய ரேடியேட்டர் ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். வாசலில் அறுவடை மிஷின் ரேடியேட்டர்கள் அடுக்கிக் கிடந்தன, சீசனில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. பட்டறைக்காரர் பித்தளை ரேடியேட்டர் காலத்திலிருந்து ஈயம் பற்றவைக்கிறவர். கழுத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைப் பத்தவைக்க முடியாது. கோர் நல்லா இருந்தா டேங்க் மட்டும் மாத்தலாம், கோரும் போயிருந்தா புதுசு வாங்கிடுங்க” என்றார். நேர்மையான பேச்சு. முழு ரேடியேட்டரே மாற்றச் சொன்ன இடங்களும் உண்டு. பத்து விரல் அகலத்துக்கு மேல் ஃபின் உதிர்ந்திருந்தால் நானே அதைத்தான் சொல்வேன்.

“அண்ணே, டேங்க் கிடைக்குமா?” என்றதற்கு, திருச்சியில் சொல்லி பஸ் பார்சலில் வரவழைக்கலாம் என்றார். டேங்க் வாங்கும்போது பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும்: ஓஸ் கழுத்தின் விட்டம், அது திரும்பும் பக்கம், மேலே உள்ள பிடிமானம். டேங்குக்கும் கோருக்கும் நடுவில் வரும் ரப்பர் கேஸ்கட் கட்டாயம் புதுசு.

ரேடியேட்டரை நானே கழற்றினேன். இன்ஜின் முழுக்க ஆறின பிறகு, பேட்டரி நெகடிவ் ஒயரை எடுத்துவிட்டு, கூலன்டை ஒரு பேசினில் பிடித்தேன். அதை வாய்க்காலிலோ கொல்லையிலோ ஊற்றாதீர்கள். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் தித்திப்பாக இருக்கும், நாய் நக்கினால் பிழைப்பது கஷ்டம். ஓஸ் வருஷக்கணக்கில் ஒட்டிப்போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் மிச்சக் கழுத்தும் கையோடு வரும், பிடித்துத் திருகி முதலில் ஒட்டை விடுவிக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும்தான் இன்னொரு சங்கதி தெரிந்தது. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரலளவு இடைவெளி, அது முழுக்க வைக்கோல் தூசியும் பதரும் பூச்சியும் மெத்தையாகப் படிந்திருந்தது. ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டு வைக்கோலைப் பரப்புகிற ஊரில் ஓடுகிற வண்டிக்கு வேறென்ன சேரும்! காற்றே போகாமல் இன்ஜின் எப்போதும் கூடுதல் சூட்டில் ஓடியிருக்கிறது, டேங்க் சீக்கிரம் இத்துப்போனதில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஓஸ் தண்ணீரால் கழுவினேன். வாட்டர் சர்வீஸ் பிரஷரை நேராக அடித்தால் ஃபின் எல்லாம் மடங்கிவிடும்.

பட்டறையில் நடந்த வேலையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். டேங்கின் விளிம்பை அலுமினியத் தகட்டின் பற்கள் வரிசையாகக் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு சிறு உளியால் ஒவ்வொரு பல்லாகத் தூக்கினார், முழுக்க நிமிர்த்தாமல், டேங்க் கழன்று வரும் அளவுக்கு மட்டும். அலுமினியப் பல்லை ரொம்ப வளைத்துத் திருப்பினால் முறிந்துவிடும், அடுத்தடுத்து இரண்டு மூன்று முறிந்தால் அந்த இடத்தில் கேஸ்கட் பிடிக்காது. பழைய ரப்பர் கருகி ஒட்டியிருந்த பள்ளத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, விரலை ஓட்டிப் பார்த்தார். புது கேஸ்கட்டை முறுக்காமல் உட்காரவைத்து, டேங்கை மேலிருந்து கிளாம்ப் போட்டு அழுத்திக்கொண்டு, ஒரு பக்கமாகப் போகாமல் எதிரெதிராகப் பற்களை மடக்கினார். பிறகு ஓட்டைகளை அடைத்து, காற்று ஏற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கியபோது ஒரு மூலையில் குமிழி வந்தது. அங்கே மட்டும் இரண்டு பல்லை இன்னும் கொஞ்சம் இறுக்கினார், நின்றது.

மாட்டும்போது ஓஸ் கிளிப்பை வெறிகொண்டு முறுக்கக் கூடாது, புது கழுத்தும் அதில்தான் வெடிக்கும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு, அதனால் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும், பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி. நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், பச்சையெல்லாம் ஒரே பச்சை இல்லை. அப்புறம் காற்றை வெளியேற்றுவது. வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்தே குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நம் ஊரில் யாரும் தொடாத ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு, குமிழி அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஹீட்டரில் அனல் காற்று வந்தால் கூலன்ட் அதுவரை போய்ச் சுற்றுகிறது என்று அர்த்தம். மறுநாள் காலை ஆறின இன்ஜினில் பார்த்தால் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பினால் போதும். மூடியையும் புதுசாக, அதே எண்ணில் போட்டேன்.

செலவு, புது ரேடியேட்டர் விலையில் பாதிகூட வரவில்லை. கீழ் டேங்க் அப்போது கிடைக்காததால் அது இன்னும் பழையதுதான். கீழே சூடு குறைவு என்பதால் கொஞ்சம் தாங்கும் என்றார் பட்டறைக்காரர், சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாற்ற வேண்டும்.