ரேங்க் பட்டியலில் முதலிடம் யாருக்கு?

அமெரிக்காவில் ரெசிடென்சி என்ற மருத்துவ மேற்பயிற்சிக்கு எந்த இடங்கள் வேண்டும் என்று விருப்ப வரிசையில் தரும் ரேங்க் பட்டியலை உறுதிசெய்து பூட்டியாகிவிட்டது. மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, யாருக்கு எந்த இடம் என்று பொருத்திச் சொல்லும் மேட்ச் முடிவு வரும்வரை எனக்கு வேலை எதுவும் இல்லை. நியூயார்க் நகரத்துக் குழந்தை மருத்துவ ரெசிடென்சிகளை எப்படி வரிசைப்படுத்தினாய் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே சேர்ந்தாலும் மூன்று வருடங்கள்தான். ஆனால் அந்த மூன்று வருடங்களில் கை எவ்வளவு பழகும் என்பது இடத்துக்கு இடம் மாறும். எல்லோரும் "பெரிய பெயரை மேலே போடு" என்றார்கள். பெரிய குழந்தைகள் மருத்துவமனையில் அபூர்வ நோய்களைப் பார்க்கலாம், ஆராய்ச்சிக்கு ஆள் கிடைப்பார்கள், பின்னால் ஃபெலோஷிப் என்ற அடுத்தகட்டச் சிறப்புப் பயிற்சிக்கும் உதவும். மறுக்கவில்லை. அங்கே இதயத்துக்கு ஒரு ஃபெலோ, சிறுநீரகத்துக்கு ஒரு ஃபெலோ, பச்சிளம் குழந்தைகளுக்கு இன்னொரு ஃபெலோ இருப்பார். குழாய் செருகும் வாய்ப்பு முதலில் அவருக்குத்தான் போகும். ரெசிடென்ட் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதுவார்.

அதனால் வீடியோ இன்டர்வியூவில் பயிற்சி இயக்குநர் விடைபெற்றபின், திரையில் மிச்சமிருந்த ரெசிடென்ட்களிடம் ஒரே கேள்வியைத்தான் எல்லா இடத்திலும் கேட்டேன்: "இருபது நாள் குழந்தை காய்ச்சலோடு வந்தால், முதுகுத்தண்டு நீரை எடுப்பது யார்?" ஓரிடத்தில் மூன்றாம் ஆண்டுக்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை. இன்னோரிடத்தில் முதலாண்டுப் பெண்ணொருத்தி, முந்தைய வாரம் தான் எடுத்ததையும், முதல் ஊசியில் இரத்தம் வந்ததையும், சீனியர் பக்கத்தில் நின்று மறுபடி எடுக்க வைத்ததையும் சொன்னாள். அவள் முகத்தில் தூக்கமே இல்லை, ஆனால் விவரித்த விதத்தில் ஒரு மிதப்பு இருந்தது.

இந்தக் கேள்விக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. 2021இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல்படி, காய்ச்சலைத் தவிர நலமாகத் தெரியும் குழந்தை மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால், இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து அந்த முதுகுத்தண்டு ஊசியைத் தவிர்க்க இடமுண்டு. குழந்தைகளுக்கு நல்லதுதான். கற்றுக்கொள்பவர்களுக்கோ வாய்ப்பு சுருங்கிவிட்டது. 2025 ஜூலை முதல் பயிற்சி விதிகளும் மாறிவிட்டன: குறைந்தபட்சம் 40 வாரம் வெளிநோயாளிப் பிரிவு, 40 வாரம் உள்நோயாளிப் பிரிவு, 40 வாரம் அவரவர் நோக்கத்துக்கு ஏற்ற பாடத்திட்டம். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சையில் சேர நினைக்கும் என்னைப் போன்றவர்கள், அந்தக் கடைசி 40 வாரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்காமல் இருக்கக் கூடாது. "நெகிழ்வாக வைத்திருக்கிறோம்" என்ற பதிலை நான் நம்புவதில்லை. சென்ற ஆண்டுக்காரரின் அட்டவணையைக் காட்டச் சொன்னேன். சிலர் காட்டினார்கள்.

வேலை நேரத்தில் நியூயார்க்குக்குத் தனி வரலாறு உண்டு. 1984இல் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் இந்நகர மருத்துவமனை ஒன்றில் இறந்தார். தூக்கமற்ற ரெசிடென்ட்களைப் பற்றி எழுந்த அந்த விவாதத்தால்தான் 1989இல் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2003 ஆனது. ஆனால் 80 என்பது நான்கு வாரச் சராசரி. மூச்சுத்திணறலோடு கைக்குழந்தைகள் வரிசையில் நிற்கும் குளிர்கால வாரமொன்றில் அது எங்கே போகும் என்பதை ரெசிடென்ட்கள்தான் சொல்ல முடியும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு விசா பற்றிச் சுருக்கமாக: ஜே-1 என்ற பரிமாற்ற விசா என்றால் பயிற்சிக்குப் பின் இரண்டு வருடம் சொந்த நாடு திரும்ப வேண்டும், அல்லது மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் வேலை செய்து விலக்குப் பெற வேண்டும். எச்-1பி என்ற வேலை விசா என்றால் ஸ்டெப் 3 என்ற மருத்துவ உரிமத் தேர்வு முன்பே முடிந்திருக்க வேண்டும், அதைத் தரும் இடங்களும் குறைவு. பயிற்சி முடித்தவர்கள் எழுதும் வாரியத் தேர்வின் தேர்ச்சி விகிதத்தை அமெரிக்கக் குழந்தை மருத்துவ வாரியமே இடவாரியாக வெளியிடுகிறது. சிறிய இடத்தில் இரண்டு பேர் தவறினாலே எண் சரிந்துவிடும் என்பதால் அதற்கு நான் அதிக எடை கொடுக்கவில்லை.

இன்னொன்று. "உன்னை எடுக்க வாய்ப்புள்ள இடத்தை முதலில் போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேட்ச் கணக்கு விண்ணப்பிப்பவரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. கிடைக்காத இடத்தை மேலே போடுவதால் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. அதை இன்றைய வடிவத்துக்கு மாற்றியமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பக்கத்து அறைக்காரரின் ஊகத்தைவிட அவரை நம்பலாம்.

என் முதலிடம் பிராங்க்ஸில் ஓர் அரசு மருத்துவமனையோடு இணைந்த இடம். ஆஸ்துமாவால் இந்த நகரத்தில் அதிகம் அவதிப்படும் பகுதிகளில் பிராங்க்ஸும் ஒன்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஆபிரகாம் ஜேக்கோபியின் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. மன்ஹாட்டனின் பெரிய பெயரை இரண்டாவதாகப் போட்டேன். இரண்டுக்கும் நடுவே மூன்று இரவு யோசித்தேன் என்றெல்லாம் பெருமையடிக்க மாட்டேன், அந்தத் தூக்கமில்லாத பெண் பேசியபோதே முடிவாகிவிட்டது.

குவீன்ஸில் இருக்கும் அக்காவுக்குத்தான் வருத்தம். அங்கிருந்து பிராங்க்ஸுக்கு நேர் சப்வே கிடையாது, மன்ஹாட்டன் போய் மாற வேண்டும். ஃபிளஷிங்கிலிருந்து பாலம் ஏறி வரும் பஸ் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். நீ முதலில் தேறு, பிறகு பஸ்ஸைப் பார்க்கலாம் என்கிறாள்.