சமன்பாட்டைக் கழிக்கலாம், அசமன்பாட்டைக் கழிக்கக் கூடாது

ஒன்பதாம் வகுப்பில் இரு மாறிச் சமன்பாடுகளைத் தீர்க்கப் பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள். பதினொன்றில் அசமன்பாடுகள், அதாவது = இருந்த இடத்தில் ≤, ≥ போன்ற குறி வருபவை. தனித்தனிப் பாடமாக வருவதால், ஒன்றில் பழகிய கை அடுத்ததிலும் யோசிக்காமல் அதே வேலையைச் செய்துவிடுகிறது. பாதித் தவறு அங்கேதான்.

முதலில் எளிய கணக்கு. மயிலாப்பூரில் ஒரு டிபன் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 இட்லி, 2 வடைக்கு பில் 72 ரூபாய். பக்கத்து மேசையில் 3 இட்லி, 5 வடை, 110 ரூபாய். இ என்பது ஒரு இட்லியின் விலை, வ என்பது ஒரு வடையின் விலை. இ என்றால் இட்லி என்று எடுத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வரும், விலைதான் மாறி.

4இ + 2வ = 72
3இ + 5வ = 110

உடனே 5-ஆலும் 2-ஆலும் பெருக்க ஓட வேண்டாம். முதல் வரி முழுவதும் 2-ஆல் வகுபடுகிறது: 2இ + வ = 36. ஒரு கெழு, அதாவது மாறிக்கு முன்னால் உள்ள எண், 1 ஆகிவிட்டால் பிரதியிடல்தான் சுருக்க வழி. வ = 36 − 2இ என்பதை இரண்டாவது சமன்பாட்டில் போடுங்கள். எதிலிருந்து எடுத்தோமோ அதிலேயே போட்டால் 36 = 36 என்றுதான் வரும்; அதைப் பார்த்து "எண்ணற்ற தீர்வுகள்" என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

3இ + 5(36 − 2இ) = 110
3இ + 180 − 10இ = 110
−7இ = −70

இ = 10, வ = 16. சரிபார்க்கும்போது இரண்டு பில்லிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் பொருந்துகிற தவறான விடைகள் ஏராளம்.

கெழு எதுவும் 1 ஆகாவிட்டால் நீக்கல் முறை: ஒரு மாறியின் கெழுக்களைச் சமமாக்கி, கழித்து, அதை மறைய வைப்பது. அதில் சறுக்கும் இடம் ஒன்றே ஒன்று:

5க − 2ச = 16
5க + 3ச = 1

கழித்தால் −2ச − 3ச, அதாவது −5ச = 15. இதை −2-ம் 3-ம் சேர்ந்து 1 என்று எடுத்து ச = 15 என எழுதுவது வழக்கமான பிழை. கீழ் வரியின் எல்லாக் குறிகளையும், வலப்பக்க 1-ஐயும் சேர்த்து, பென்சிலால் மாற்றி எழுதிவிட்டுக் கூட்டுங்கள். ச = −3, க = 2. குறுக்குப் பெருக்கலில் பயம் வேறு: மாறிலியை இடப்பக்கம் கொண்டுவந்து வலப்பக்கம் 0 ஆக்காமல் தொடங்கினால், இரண்டு விடைகளும் குறி மாறி வந்து நிற்கும். அந்த முறைக்கு நான் பெரிய ரசிகன் இல்லை.

மூன்று மாறிகளில் கவனிக்க வேண்டியது, இரண்டு ஜோடிகளிலும் ஒரே மாறியை நீக்குவது.

க + ச + ட = 6
2க − ச + ட = 3
3க + 2ச − ட = 4

மூன்றாவது வரியில் −ட இருப்பதால் அதை மற்ற இரண்டோடும் கூட்டினால் போதும்: 4க + 3ச = 10, 5க + ச = 7. மேலே செய்த பிரதியிடல்தான் மீண்டும்; க = 1, ச = 2, ட = 3. முதல் ஜோடியில் ட-வையும் அடுத்ததில் ச-வையும் நீக்கினால், கையில் இருக்கும் இரண்டு வரிகளிலும் சேர்ந்து இன்னும் மூன்று எழுத்துகள் மிஞ்சும்.

0 = 0 வந்தால் ஒரு வரி புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று பொருள். 0 = 1 போல வந்தால் தீர்வே இல்லை. அப்படி வர கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்பது இரு மாறிகளுக்கு மட்டும் சரி; மூன்று மாறிகளில் ஒவ்வொரு வரியும் கோடு அல்ல, ஒரு தளம். க + ச + ட = 6, க − ச + ட = 2, 2க + 2ட = 9 ஆகியவற்றில் எந்த இரண்டு தளமும் இணை அல்ல. ஆனாலும் முதல் இரண்டைக் கூட்டினால் 2க + 2ட = 8. மூன்றாவது வரியோ 9 என்கிறது; ஒருங்கமைவு இல்லை, அதாவது தீர்வே இல்லை.

இனி அசமன்பாடு. சமமான இரண்டிலிருந்து சமமான இரண்டைக் கழித்தால் மிச்சமும் சமம். "அதிகபட்சம்" என்பதிலிருந்து "அதிகபட்சம்" என்பதைக் கழித்தால் எதுவும் சொல்ல முடியாது. க + ச ≤ 10, க ≤ 8. கழித்து ச ≤ 2 என்று எழுதினால் அபத்தம்: க = 1, ச = 9 இரண்டுக்கும் பொருந்துகிறதே! கழிப்பது என்றால் −1-ஆல் பெருக்கிக் கூட்டுவது. −1-ஆல் பெருக்கும்போது ≤ குறி ≥ ஆகத் திரும்பிவிடுகிறது. ஒரே திசையில் இருந்தால் கூட்டலாம், அவ்வளவுதான்.

கூட்டினாலும் பழைய வரிகளைத் தூக்கி எறியக் கூடாது. அதே கடையில் 320 ரூபாய்க்குள், மொத்தம் குறைந்தது 20 உருப்படி, வடை குறைந்தது 5 வாங்க வேண்டும். இப்போது விலை தெரியும், எண்ணிக்கைதான் தெரியாது, எழுத்தை மாற்றிவிடுவோம். ப இட்லி, ம வடை.

ப + ம ≥ 20
5ப + 8ம ≤ 160
ம ≥ 5, ப ≥ 0

(10ப + 16ம ≤ 320 என்பதை 2-ஆல் வகுத்தது இரண்டாவது வரி.) முதல் வரியை −5-ஆல் பெருக்கினால் −5ப − 5ம ≤ −100. இரண்டாவதோடு கூட்ட, 3ம ≤ 60, ம ≤ 20. சரிதான். ஆனால் 1 இட்லி, 6 வடை கூட ம ≤ 20-க்குப் பொருந்தும். மொத்தம் 7 உருப்படிதான். கூட்டல் ஒரு எல்லையைத் தரும், முழு விடையைத் தராது. முழு விடைக்கு வரைபடம்.

5ப + 8ம = 160 என்ற கோடு (32, 0), (0, 20) வழியே போகும். 1 செ.மீ. = 4 அலகு என்று வைத்தால் 8 செ.மீ., 5 செ.மீ.; தாளில் அடங்கும். ≤, ≥ என்றால் முழுக்கோடு; <, > என்றால் விட்டுவிட்டுப் போடும் கோடு. எந்தப் பக்கம் என்று பார்க்க (0, 0)-ஐப் போடுங்கள், கோடு ஆதிப்புள்ளி வழியே போனால் (1, 0)-ஐப் போடுங்கள். "≥ என்றால் மேல்பக்கம்" என்ற குறுக்குவழியை நம்ப வேண்டாம்: க − ச ≥ 2-க்கு, ச செங்குத்து அச்சில் இருந்தால், கீழ்ப்பக்கம்தான் விடை. நான்கு கோடுகள் இருந்தால் வேண்டாத பக்கத்தை நிழலிடுங்கள். கடைசியில் வெள்ளையாக மிஞ்சுவது விடை.

இங்கே மிஞ்சுவது ஒரு முக்கோணம், முனைகள் (15, 5), (24, 5), (0, 20). அதிக உருப்படி வேண்டுமானால் 24 இட்லி, 5 வடை, மொத்தம் 29. பணம் 325 என்றால் முனை 24.5-க்கு நகரும். அதை 25 ஆக்கினால் பில் 330 ஆகிவிடும், 24-தான்.

சமன்பாட்டுக்குள்ளேயே அசமன்பாடு ஒளிந்திருப்பதும் உண்டு. சென்னை ஆட்டோவுக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கி.மீ.-க்கு 25 ரூபாய், பிறகு கி.மீ.-க்கு 12. அதன்படி 4.8 கி.மீ.-க்கு 61, 6.8 கி.மீ.-க்கு 85. நிலையான தொகை நி, கி.மீ. கட்டணம் கி:

நி + 4.8கி = 61
நி + 6.8கி = 85

கழித்தால் கி = 12, நி = 3.40. இந்த 3.40 எங்கிருந்து வந்தது, 25 எங்கே போனது என்று திகைக்க வேண்டாம், 25-இலிருந்து 1.8 × 12 = 21.60 போனால் மிச்சம் அதுதான். தூரம் ≥ 1.8 என்று பக்கத்தில் எழுத மறந்தால், 1 கி.மீ.-க்கு 15.40 ரூபாய் என்று சமன்பாடு சொல்லும். அந்தக் கட்டணப்படி ஆட்டோக்காரர் 25 கேட்டிருப்பார், அதுவும் மீட்டர் போட்டிருந்தால்.