வீட்டுவழிக் கல்வி: காவேரிப்பட்டணத்து நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

என் மகளுக்கு ஒன்பது வயது. மூளை முடக்குவாதம் (உடலசைவு எளிதில் கட்டுக்குள் வராத நிலை), மூளைவழிப் பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைவு, வலிப்பு ஆகிய நான்கும் அவளுக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் கற்பிக்கும் முறை இருக்கிறது. ஆனால் ஒரு குறைபாட்டுக்கான முறை, மற்றப் புலன்கள் நன்றாக இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் அமைந்திருக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைக்குச் சைகை மொழி உதவும் என்றால், அதைப் பார்க்கக் கண்ணும் திருப்பிச் சொல்ல வளையும் விரல்களும் வேண்டும். ஆகவே பாடத்தை அவளிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அவள் கண் நலமாக இருக்கிறது. கண் அனுப்புவதை மூளை புரிந்துகொள்வதில்தான் தடை. கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் ஒரே ஒரு செந்தூரா மாம்பழத்தை வைத்து, மெல்ல அசைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரே நேரத்தில் கேட்பதும் பார்ப்பதும் அவளுக்குச் சிரமம் என்பதால் அப்போது யாரும் பேசக்கூடாது. "இங்க பாரு கண்ணு" என்று அழைக்காமல் இருப்பது அவள் பாட்டிக்கு எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். இன்று அவரும் வாய் திறக்கவில்லை. நெடுநேரம் கழித்து அவள் தலை பழத்தின் பக்கம் திரும்பியது.

ஜூன் 14, சனி

பொருட்களே எங்கள் சொற்கள். குவளையைத் தொடக் கொடுத்தால் குளியல், கரண்டியைக் கொடுத்தால் சாப்பாடு. அவள் கையைப் பிடித்து இழுப்பதில்லை. என் கையை அவள் கைக்கு அடியில் வைத்து, அவள் விரும்பினால் விலகிக்கொள்ளும்படி விட்டுவிடுகிறேன். இன்று மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் முகர வைத்து எது வேண்டும் என்று கேட்டபோது, மாம்பழத்தின்மேல் கையை அழுத்தினாள். வேண்டும், வேண்டாம் என்று சொல்லத் தெரிவதை எழுத்தறிவுக்கு முந்தைய படி என்று சிலர் கருதலாம். என்னைப் பொறுத்தவரை அதுவே கல்வியின் நடு.

மதியம் நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கக் கெட்டியான ராகிக் கூழ் ஊட்டினேன். நீர்த்த பானங்கள் அவளுக்குப் புரையேறுகின்றன.

ஜூன் 18, புதன்

வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வந்திருந்தார். அவளுக்கென்றே இலக்குகளை எழுதிவைக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில், 'நிறங்களை அறிதல்' என்றிருந்த இலக்கை 'குவளையைத் தொட்டதும் குளியலை எதிர்பார்த்தல்' என்று மாற்றினோம்.

பக்கத்து ஊரில் ஒரு தாயிடம், "சட்டமே வீட்டில் வைத்துப் படிக்கச் சொல்கிறது" என்று பள்ளியில் கூறி அனுப்பிவிட்டார்களாம். அது உண்மையன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், பல்வகை ஊனமும் கடுமையான ஊனமும் உள்ள குழந்தைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உரிமை அளிக்கிறது; பள்ளி அவர்களைத் தள்ளிவிட அது வழி தரவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவும், 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனமுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமில்லாக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. நாங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தது அவளது வலிப்பையும் உணவு ஊட்டும் முறையையும் எண்ணித்தான். அந்தத் தாயின் குழந்தைக்கு அப்படித் தேர்ந்தெடுக்க வாய்ப்பே தரப்படவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலையில் வலிப்பு. பக்கவாட்டில் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. சாவியைக் கையில் திணிக்க ஓடிவந்தவர்களிடம், இரும்பு வலிப்பை நிறுத்தாது, வாயிலும் எதையும் வைக்கக்கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். விரைவில் நின்றது, பிறகு தூங்கினாள். இன்று பாடமில்லை.

ஜூன் 25, புதன்

அவள் பெயர் பதிவாகியிருக்கும் பள்ளியில், வெள்ளிக்கிழமைகளில் காலை வணக்கக் கூட்டத்துக்கு அவளை அழைத்துவரத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். சாய்தளம் இருக்கிறது. கழிப்பறைக் கதவுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று நாளை அளந்து பார்க்க வேண்டும்.